மேற்படி யானை – தொடர்பாக

சுவர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு சங்கச் செயலாளர் மருதாசலத்தின் ஓட்டு என்று திரையில் தெரிந்தபோது, வெற்றியைக் கொண்டாட வாங்கி வைத்திருந்த கேசரி வனச்சோலை அவென்யூவின் சமுதாயக் கூடத்தில் தொடுவாரில்லாமல் இறுகிக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவர் ஜெயசம்பத் எழுந்து நின்றார்.

“ஏனுங்ணா, சுவரு சுவருன்னு ஒம்பது மாசமா எங்க உசுரை வாங்குனது நீங்க. கடைசில நீங்களே எதுத்துக் குத்தியிருக்கறீங்க?”

“நான் குத்துலீங்க. என்ற நிழல் குத்தியிருக்குது.”

“நிழலை யாருங்ணா குத்தச் சொன்னது?”

“நான் போட்டது நேரத்துக்குப் போய்ச் சேருல. அதனால அதுவா குத்திருச்சு.”

கூடத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிமணி சிரிக்கவில்லை. கணவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த நடையைப் பார்த்தே மருதாசலத்துக்குத் தெரிந்துவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது என்று.

வனச்சோலை அவென்யூ கோயமுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மனை விற்றபோது அடித்த வண்ணத் தாளில் ‘படுக்கையறை ஜன்னலிலிருந்தே மலையைப் பார்க்கலாம்’ என்று போட்டிருந்தார்கள். மலையிலிருந்தும் படுக்கையறையைப் பார்க்கலாம் என்பதைப் போடவில்லை. நாற்பது வீடுகள். மருதாசலத்தின் வீடு எண் முப்பத்தேழு, மேற்கு ஓரத்தில் கடைசி. கொல்லைப்புறத்து முள்கம்பியைத் தாண்டினால் அரசாங்கக் காடு.

மருதாசலம் ஒரு நூற்பாலையில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். தாள் இல்லாமல் ஒரு கோன் நூல்கூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கேட்டுக்கு நூல் வருவது நின்றது. யானை வர ஆரம்பித்தது. அதற்கும் தாள் போட்டார். பதினோரு வருடத்தில் அரசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் பொருள், பார்வை, இணைப்பு, தேதி, நேரம், சாட்சி எல்லாம் இருக்கும். முதல் கடிதத்திலேயே ‘இடது காது கிழிந்த, தந்தமில்லாத ஆண் யானை ஒன்று’ என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ‘மேற்படி யானை’ என்று சுருக்கிக்கொண்டார். நகல்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. கொஞ்ச நாளில் நகர் முழுக்க அதற்கு அதுவே பெயராகிவிட்டது. “மேற்படி வந்துட்டுப் போயிருச்சுங்க, கேட்டைப் பூட்டிக்கலாம்” என்று காவலாளியே சொல்வார்.

பலாமரம் போனது, வாழை போனது, தண்ணீர்த் தொட்டி போனது. அதுவரை துளசிமணி பொறுத்தாள். தை மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அடுப்படிச் சுவர் போயிற்று. மேற்படி தலையால் ஒரு தள்ளுத் தள்ளி, ஓட்டை வழியாகத் தும்பிக்கையை உள்ளே நீட்டி, உப்பு ஜாடியையும் அரிசிப் பையையும் நிதானமாகத் தடவிப் பார்த்தது. அதற்கும் கரண்டி பிடித்த அவள் கைக்கும் நடுவே ஒரு ரசச் சட்டி அகலம்தான் இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தும் அளவுக்கு மூச்சு இல்லை. அது போன பிறகும் கால் மணி நேரம் அப்படியே நின்றிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்:

“ஏனுங்க, ஒண்ணு சுவரு கட்டோணும். இல்லாட்டி நான் பெங்களூருக்குப் புள்ளைகிட்டப் போயிர்றேன். பதினாலாவது மாடி. அங்க எவனும் அடுப்படிக்குள்ள மூக்கை நீட்ட மாட்டான்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மருதாசலத்துக்கு வாழ்க்கையில் ஒரே பொருள்தான்: மேற்கு எல்லை, பன்னிரண்டு அடிச் சுவர்.

சுவர் கட்டுவது முன்போல் எளிதாக இல்லை. காட்டோரத்தில் எதைக் கட்டினாலும் அங்கே குடியிருக்கும் எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும் என்று எல்லை வாரியம் விதி போட்டிருந்தது. எல்லோரும் என்றால் எல்லோரும்தான். வருடத்தில் நூற்று எண்பது இரவு அந்த எல்லைக்குள் தங்குகிற எந்த உயிருக்கும் ஒரு ஓட்டு; மனிதர்களுக்கு மட்டும் வீட்டுக்கு ஒன்று. வனச்சோலை அவென்யூவில் நான்கு யானை, ஆறு காட்டுப்பன்றி, இரண்டு காட்டுமாடு, ஒரு சிறுத்தை என்று பதிமூன்று பேர் தகுதி பெற்றார்கள். மயிலுக்கு ஓட்டு கிடையாது. தேசியப் பறவை பக்கம் சேரக்கூடாது என்று வாரியம் முடிவு செய்திருந்தது.

விலங்குகள் வந்து பொத்தானை அழுத்தாது. அவற்றின் சார்பில் அவற்றின் நிழல்கள் போடும். நிழல் என்பது கணினிக்குள் வாழும் நகல். இந்த விதி நன்றாக நடந்ததால் வாரியத்துக்குத் துணிச்சல் வந்து, ஓட்டுப் போட வராத மனிதர்களுக்கும் நிழலே போடட்டும் என்று சேர்த்துவிட்டார்கள். எந்தச் சங்கக் கூட்டத்துக்குத்தான் மனிதர்கள் ஒழுங்காக வந்திருக்கிறார்கள்?

இது புரிந்துதான் மருதாசலம் வீடு வீடாகப் போய், “போன்ல அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கிருங்க சாமி, நிழலை நம்பாதீங்க” என்று கெஞ்சி, சம்மதித்த இருபத்தைந்து வீட்டாரும் அமுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். தன் ஓட்டை மட்டும் அமுக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் அத்தாட்சி ஏது? ‘சுவருக்கு ஆதரவு’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தரில் அனுப்பினார். பதிவுத் தபாலை வேகத் தபாலோடு சேர்த்துப் பல வருடம் ஆகியும் அவருக்கு அது ரிஜிஸ்தர்தான். தபால்காரர் மறுநாளே கொண்டுபோனார். வாரிய அலுவலகம் இரண்டாம் சனிக்கிழமை என்று பூட்டிக் கிடந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓட்டெடுப்பு முடிந்தது.

சுவருக்கு ஆதரவு இருபத்தாறு, எதிர்ப்பு இருபத்தேழு. விலங்குகளில் ஒன்றே ஒன்று சுவரை ஆதரித்திருந்தது. அது சிறுத்தை. மேலே ஏறி உட்கார்ந்து தெருநாய்களைப் பார்வையிட வசதியாக இருக்குமாம்.

“சிறுத்தையே நம்ம பக்கங்ணா!” என்றார் ஜெயசம்பத், அழாத குறையாக.

புதன்கிழமை காலை வாரியத்திலிருந்து அனிஸ் என்ற இளம் அதிகாரி வந்தாள். கையில் ஒரு பெரிய திரைப் பலகை, தோளில் பை. மருதாசலம் அவளை உட்காரவைத்துவிட்டு அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் படித்தார்.

“சார், உங்க நிழல் போட்ட ஓட்டு உங்களுக்குச் சம்மதமில்லைன்னா ரத்து பண்ணிட்டு உங்க ஓட்டை நீங்களே போடலாம். ஏழு நாள் டைம். சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும். பொத்தான் அழுத்தினாலும் சரி, எழுதிக் கொடுத்தாலும் சரி. நிழல் எதுல தப்புப் பண்ணுச்சுன்னு ஒரு காரணம் மட்டும் சொல்லணும்.”

“தப்பு என்னங்கம்மா தப்பு? மொத்தமும் தப்பு. நான் சுவரு கேட்டு எழுதினதே நூத்துக்கும் மேல இருக்கும்.”

“நூத்தி நாப்பத்தி மூணு சார்.”

மருதாசலத்துக்கு அவள் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது.

“யானையோட நிழல் எப்படிச் செய்யறோம்னா, ரேடியோ பட்டை ஒண்ணு மூணு வருஷமா அதோட கழுத்துல கிடக்கு. எங்க போச்சு, எங்க நின்னுச்சு, எப்ப நெஞ்சு வேகமா அடிச்சுது, எல்லாம் வந்துக்கிட்டே இருக்கும். அதை வச்சு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு யானை நடக்குது. வெளிய இருக்கறது நாளைக்குப் பண்ணப்போறதை உள்ள இருக்கறது இன்னைக்கே பண்ணிடும்.”

“அப்ப என்னையும் உள்ளுக்குள்ள செஞ்சு வெச்சிருக்கறீங்க.”

“ஆமா சார்.”

“சட்டை போட்டிருக்கறனா?”

“உருவம் கிடையாது சார். மத்தவங்களுக்கு போன்ல இருந்து எடுத்தோம். உங்க போன்ல ஒண்ணுமே இல்ல, காலண்டர் மட்டும்தான். அதனால உங்க கடிதங்களைக் கொடுத்தோம். எங்க வாரியத்துலயே இவ்வளவு நிறைவான நிழல் வேற யாருக்கும் கிடையாது.”

அடுப்படி வாசலில் துளசிமணி நின்றிருந்தாள். உள்ளே, தார்ப்பாய் தொங்கவிட்ட ஓட்டைக்கு முன்னால், வீட்டு வேலைக்கு வரும் ரங்கி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“இவரு நெழலு எதுக்கு அதுகூடச் சேந்துச்சாம்?” என்று கேட்டாள் துளசிமணி.

அனிஸ் பலகையைத் தட்டினாள். “கடிதம் இருநூத்தி ஒம்பது. ‘மேற்படி யானை பின் இடது காலை ஊன்ற இயலாமல் நடக்கிறது. இது எமது சங்கத்தின் பொறுப்பல்ல எனினும், கால்நடை மருத்துவர் ஒருவரை அனுப்பி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’”

“அது தகவலுக்காக எழுதினதுங்கம்மா.”

“முன்னூத்தி எண்பத்தெட்டு. ‘கடந்த நாற்பத்தாறு நாட்களாக மேற்படி யானை வருகை தரவில்லை. இதுகுறித்துத் தாங்கள் எடுத்துள்ள நடவடிக்கை என்ன என்பதைத் தெரிவிக்கவும்.’ சார், யானை வந்துச்சுன்னு புகார் கொடுத்தவங்க ஆயிரம் பேர். வரலைன்னு புகார் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்.”

“பதிவேடு விட்டுப்போகக் கூடாதில்லீங்களா?”

“நானூத்தி ஒண்ணு. ‘நேற்று மாலை மேற்படி யானை நலமாகத் திரும்பியது. சேதம்: இரண்டு வாழை. புகார் ஏதுமில்லை.’” அனிஸ் தலையைத் தூக்கினாள். “இதையெல்லாம் படிச்ச நிழல், சுவர் வேணுமான்னு கேட்டா என்ன சார் சொல்லும்?”

மருதாசலம் பலகையை எட்டிப் பார்த்தார்.

“நானா எழுதினது?” என்று மட்டும் கேட்டார்.

“கையெழுத்து உங்களோடதுதான்.”

கையெழுத்தைக் காட்டிய பிறகு அந்த மனுஷனிடம் வாதம் கிடையாது. அப்படியே வளர்ந்துவிட்டார்.

“சரி கண்ணு,” என்றாள் துளசிமணி, “சுவரு வந்தா அது என்ன பண்ணும்? காட்டுக்குள்ளயே கெடக்குமா?”

அனிஸ் தயங்கினாள். பிறகு பலகையை மேசை மேல் சாய்த்து வைத்தாள். நகரின் வரைபடம் வந்தது. மேற்கே ஒரு சிவப்புக் கோடு, சுவர். காட்டிலிருந்து ஒரு புள்ளி கிளம்பி அதனிடம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, கோட்டை ஒட்டியே தெற்கே நடந்தது. சுவர் முடிந்த இடத்தில் திரும்பி, சரிவில் இறங்கி, நெருக்கமாக இருந்த சின்னச் சின்னச் சதுரங்களுக்கு நடுவே நுழைந்தது.

“அது கல்குழி,” என்றாள் ரங்கி.

ஈரக் கையோடு அவள் எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கல்குழி பழைய கல் குவாரிக்குப் பக்கத்தில் முப்பது தகர வீடுகள். வனச்சோலை அவென்யூவின் பாத்திரம், துணி, தோட்டம், குப்பை, காவல் எல்லாம் காலையில் அங்கிருந்துதான் நடந்து வரும்.

“நூறு தடவை ஓட்டிப் பாத்தோம் சார். தொண்ணூத்தி ஒரு தடவை அங்கதான் போச்சு.”

“அதுல மூணாவது கட்டம் எங்கூடு,” என்று ரங்கி விரலை வைத்தாள். திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படிந்தது. “உங்குளுக்காச்சும் செங்கல்லுங்க. எங்குளுக்குத் தகரம். அது தும்முனாலே போதும், பேரன் தொட்டிலோட பறந்துருவான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “ஏன் கண்ணு, யானைக்கு ஓட்டு இருக்குது, பன்னிக்கு ஓட்டு இருக்குது. எங்குளுக்கு இல்லியா?”

“நூத்தி எண்பது ராத்திரி இந்த எல்லைக்குள்ள தங்கணும்க்கா. நீங்க பகல்லதானே இருக்கீங்க.”

“பகல் பூராவும் இங்கதான கெடக்கறோம்?”

“விதியில ராத்திரின்னு இருக்கு.”

“அப்பன்னா எனக்கும் ஒரு பட்டையக் கட்டியுடு. ராத்திரி ராத்திரி வந்து பலாமரத்தடியில நின்னுட்டுப் போறேன். ஐயா எம் பேருலயும் நாலு லெட்டரு எழுதுவாரு.”

அனிஸ் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பலகையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, “சனிக்கிழமை நானே இந்தப் பக்கம் வருவேன் சார். எழுதி வச்சீங்கன்னா வாங்கிட்டுப் போயிடறேன், அஞ்சு மணிக்குள்ள சேந்துடும்” என்றாள்.

அன்று மத்தியானம் மருதாசலம் பீரோவைத் திறந்து நான்காவது கோப்பை எடுத்தார். இருநூற்றொன்பதாம் கடிதத்தின் கைநகல் இருந்தது. பின் இடது கால் பற்றிய வாக்கியம் வரிக்கு மேலே, இடைவெளியில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதி முடித்த பிறகு யாரோ சொல்லிச் சேர்த்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். அவர் எழுதும்போது பின்னால் நின்று பார்ப்பது அந்த வீட்டில் ஒருவருக்கு வழக்கம். முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டே நிற்கும். ‘கால நொண்டுதுன்னு போடுங்க.’ ‘வந்து ஒண்ணர மாசமாச்சு, எங்கியாச்சும் அடிபட்டுக் கெடக்குதோ என்னமோ, கேட்டு ஒரு லெட்டர் போடுங்க.’

முன்னூற்று எண்பத்தெட்டும் அப்படித்தான். நானூற்றொன்றும் அப்படித்தான்.

நகல்களைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். துளசிமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“துளசி, இந்த வரியெல்லாம் நீ சொன்னது.”

“நான் எங்க சொன்னேன்?”

“காலு நொண்டுதுன்னு.”

“நொண்டுனா நொண்டுதுன்னுதான் சொல்லோணும். அதுக்கு?”

“அதுக்கா? அந்த நிழலு என்னுதே இல்ல. உன்னுது. நீதான் ஓட்டைக் குத்திச் சுவரைக் கவுத்திருக்கற.”

துளசிமணி கீரைத் தண்டைப் படக்கென்று ஒடித்தாள். “அது அப்போ. அடுப்படிக்குள்ள வாரதுக்கு முன்னாடி சொன்னது. இப்ப எனக்குப் பயமா இருக்குது. பயந்தவளுக்கு ஓட்டு இல்லீன்னு உங்க விதியில இருக்குதா?”

“இல்ல.”

“அப்ப எழுதுங்க.”

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். அறுநூற்றுப் பதிமூன்றாம் கடிதம். பொருள்: நிழல் வாக்கை ரத்துசெய்யக் கோருதல் – தொடர்பாக. பார்வை ஒன்று, இரண்டு, மூன்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மேற்படி நிழல் எனது மனைவியின் வார்த்தைகளை எனது எனக் கருதி ஏமாந்துவிட்டது என்று எழுதினார். எழுதியது உண்மை. அதனால் மனசுக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த இரண்டு நாளும் ரங்கி வழக்கம்போல வந்தாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, “ஏனுங்கம்மா, அது உள்ளுக்கு வந்தப்ப நீங்க என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணுல. நின்னேன்.”

“நின்னா போயிருமுங்களா?”

“என்ன விட்டுட்டுப் போயிருச்சு. ஏன் கேக்கற?”

“இல்லீங், புள்ளைகளுக்குச் சொல்லி வெக்கலாம்னுதான்.”

அன்று மாலை முழுக்கத் துளசிமணி தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் கட்டிவைத்த பெட்டி, பெங்களூர் விலாசம் எழுதிய அட்டையோடு, நட்டுவைத்தாற்போல் நின்றது.

சனிக்கிழமை காலை மருதாசலம் கடிதத்தை உறையிலிட்டு மேசை மேல் வைத்தார். ஜெயசம்பத் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு மத்தியானம் வருது. கைல குடுத்துறலாம்,” என்றார் மருதாசலம்.

துளசிமணி உறையை எடுத்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். திருமணமாகி நாற்பது வருடமாக அவருடைய ரிஜிஸ்தரைக் கேலி செய்தே வந்தவள். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வர இயலாது என்பதை ஒருமுறை ஒப்புகை அட்டையோடு தெரிவித்தவர் என்று உறவினர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பவள்.

“கைலயெல்லாம் குடுக்க வேண்டாம்,” என்றாள்.

“பின்ன?”

“ரிஜிஸ்தர்ல போடுங்க.”

மருதாசலம் அவளைப் பார்த்தார். அவள் உறையின் மூலையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குப் போட்டா திங்கக்கிழமைதான் துளசி போகும்.”

“எப்பப் போகும்னு நான் கேக்குலியே. நாளைக்கு அவங்க வாங்குலீன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அத்தாட்சி வேணுமில்ல?”

“வேணும்.”

“அப்பப் போங்க. வரும்போது கொத்தமல்லி வாங்கீட்டு வாங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தபால் அலுவலகத்தில் வரிசை இல்லை. இருந்தும் பின்னால் வந்த இரண்டு பேரை முன்னால் விட்டார். மத்தியானம் அனிஸ் வந்து கேட்டபோது ரசீதைக் காட்டினார். அவள் அதிலிருந்த தேதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“முறைப்படி அனுப்பிட்டீங்க,” என்றாள்.

“நான் என்னைக்கும் முறைப்படிதானுங்கம்மா.”

ஒப்புகை அட்டை ஒன்பதாம் நாள் வந்தது. ‘காலம் கடந்து பெறப்பட்டது’ என்று வாரியத்தின் முத்திரை. அவர் அதைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார். ஜெயசம்பத் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நகரில் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுப்படியை முன்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்கு மாற்றினார்கள். கார் தெருவில் நின்றது. உப்பும் அரிசியும் இரும்பு டிரம்முக்குள் போயின. பெட்டியைத் துளசிமணி பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவ்வப்போது அதிலிருந்து ஒரு சேலையை மட்டும் உருவி எடுத்துக் கட்டிக்கொண்டாள். பின்பக்கம் போகும்போது இன்னும் அவள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பதை மருதாசலம் பார்த்தார். அதைப் பற்றிக் கடிதம் எழுத யாருக்கும் அலுவலகம் கிடையாது. அதனால் அவரே கூடப் போனார்.

ஒருநாள் சாயந்திரம் அவர் வீட்டின் பக்கவாட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அறுநூற்றுப் பதினான்காம் கடிதத்தைத் தொடங்கினார். பொருள்: கல்குழி குடியிருப்போர் – பகல் பொழுதையும் கணக்கில் கொண்டு வாக்குரிமை வழங்கக் கோருதல் – தொடர்பாக. பின்னால் முறத்தில் உளுந்து புடைக்கும் சத்தம் கேட்டது. வேலியைத் தாண்டி மேற்படி வந்து, பழைய அடுப்படிச் சுவரின் ஓட்டைக்குள் தும்பிக்கையை விட்டு, ஒன்றும் அகப்படாமல், ஆளில்லாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன்போல நின்றுகொண்டிருந்தது.

முறம் நின்றது. அவள் மூச்சு சற்று வேகமாக வந்தது. ஆனாலும் உள்ளே போகவில்லை.

“வலது காலும் நொண்டுதாட்ட இருக்குது பாருங்க. எழுதுங்க.”

“இது கல்குழி லெட்டரு. இதுல அது எதுக்கு?”

“கடைசில ஒரு வரிதான, என்ன கொறைஞ்சு போகுது?”

அவர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு நிறுத்தினார்.

“துளசி, இதெல்லாம் என்ற நிழல்ல போயி ஏறும்.”

“ஏறட்டும்,” என்றாள் அவள். முறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தது.